புள்ளியில் பிறந்த கலை

திண்டுக்கல் பேகம்பூரில் சித்திரம் பழகத் தொடங்கும் சிறுவன், முதல் நாளே மலைக்கோட்டையை வரைய முற்படுகிறான். ‘முதலில் கோடு இழுத்துப் பழகு’ என்றால் முகம் வாடுகிறான். ‘நமக்கு எதற்கு இந்தக் கலை?’ என்று பெற்றோரும் வினவுகின்றனர். இருசாராருக்கும் பக்தாத் நகரின் வரலாறு விடை பகர்கிறது.

கி.பி. 886-இல் அங்குப் பிறந்த இப்னு முக்லா, அப்பாஸிய கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராயிருந்தவர். அரபு எழுத்துக்கு அளவு வகுத்த மேதை. நாணற் பேனாவின் நுனியை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அளவுகோல். புள்ளிகளால் ‘அலிஃப்’ அளக்கப்பெற்றது. அலிஃபை விட்டமாகக் கொண்டு வட்டம் அமைந்தது. அவ்வட்டத்தால் ஏனைய எழுத்துகள் ஒழுங்குபெற்றன. அரசியற் பகையால் வலக்கை வெட்டப்பட்ட பின்னரும், முன்கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். 940-இல் சிறையிலேயே மறைந்தார்.

புள்ளி, கோடு, வட்டம், அளவு: சித்திரத்தின் அடிப்படையும் இவையே. கோட்டையின் உயரத்தைப் பென்சிலால் அளந்து, அகலம் அதைப்போல் எத்தனை மடங்கு எனக் காணும் சிறுவன் இப்னு முக்லாவின் மாணவனே. மக்தபில் பலகையில் அலிஃப் எழுதிய கைக்கு இக்கலை அந்நியமன்று. பெற்றோரே, பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுங்கள். முதலில் அளக்கக் கற்கட்டும்.