நாற்பது நாள் விருந்து

மம்சாபுரம் போயிருக்கிறீர்களா? ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர். வயல், தென்னை, மாந்தோப்பு, அதற்குப் பின்னால் மதில் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கே ஒரு டீக்கடையில் நின்றபோது, சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டேன்.

“இந்தப் பக்கம் யாராச்சும் குதிரை வளர்க்கிறாங்களா அண்ணாச்சி?”

கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “குதிரையா? அது அய்யனார்ட்டதான் தம்பி இருக்கு. தீனி வேண்டாம், தண்ணி வேண்டாம். நமக்குத் தோது அதுதான்.”

ஜோக்காகத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில் நீர்காத்த அய்யனார் இருக்கிறார். அங்கிருந்து கிழக்கே கடற்கரை வரைக்கும் எத்தனை அய்யனார்கள், எத்தனை மண் குதிரைகள்! பல்லைக் காட்டிக்கொண்டு, கழுத்தில் மணி கட்டிக்கொண்டு, முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கின்றன. மாடு வளர்க்கிற ஊர், ஆடு வளர்க்கிற ஊர், ராஜபாளையத்தில் பேர் பெற்ற நாய் வேறு. உயிருள்ள குதிரையை மட்டும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் மண்ணில் அந்த மிருகம் ஏன் தங்கவில்லை?

எழுநூறு வருஷம் முன்னால் நிலைமையே வேறு. குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வந்து இறங்கிய இடமும் ரொம்ப தூரமில்லை. தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் இருந்த காயல் துறைமுகம். இன்றைய பழையகாயல். மதுரையை ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268-ல் பட்டத்துக்கு வந்து நாற்பது வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்.

அவர் காலத்தில்தான், 1290-களின் தொடக்கத்தில், மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தார். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதினார், தரையில் உட்காருகிற ராஜாக்களைப் பற்றி எழுதினார். பிறகு குதிரை பற்றி ஒரு விஷயம் எழுதினார் பாருங்கள், அது இன்றைக்கும் படிக்கிறவர்களைத் திடுக்கிட வைக்கும். இந்த நாட்டு ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார். அவருடைய நான்கு சகோதரர்களும் தனித்தனி ராஜாக்கள், அவர்களும் அதே மாதிரி வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் பார்த்தால் நூறுகூட மிச்சமிருப்பதில்லை. எல்லாம் செத்துப்போகின்றன!

ஏனாம்? குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்கிறார். லாடம் அடிக்க, வைத்தியம் பார்க்க ஒருவரும் கிடையாது. குதிரை விற்கிற வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களைக் கூட அழைத்து வருவதில்லை. தானாக வர நினைப்பவர்களையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்?

இது ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி பாரசீகத்து வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப். நேரில் வந்து பார்த்து எழுதியவரில்லை, அங்கே உட்கார்ந்து கேட்டதை எழுதியவர். ஆனால் குதிரை அந்தக் கரையிலிருந்துதானே கிளம்பியது? விற்ற பக்கத்துக் கணக்கு அவரிடம் இருக்கிறது. அடியேன் பி.காம். கணக்கைப் பார்த்தால் கை பரபரக்கும்.

கிஷ் தீவில் ஜமாலுதீன் என்ற பெரிய வணிகர். தன் சொந்தப் பண்ணைக் குதிரைகளில் வருஷத்துக்கு 1,400 அனுப்புவதாக ஒப்பந்தம். அதுபோக பஹ்ரைன், ஹோர்முஸ், கத்தீஃப் என்று எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் வாங்கி அனுப்பலாம். விலை ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். அதற்கும் முந்தைய தலைமுறையில், பாரசீகத்தில் அபூபக்கர் என்பவர் ஆண்ட காலத்தில், பாண்டிய நாட்டுக்கும் காம்பேக்கும் பக்கத்துத் துறைமுகங்களுக்குமாகச் சேர்த்து வருஷத்துக்கு 10,000 குதிரை போனதாகச் சொல்கிறார். மொத்த மதிப்பு 22 லட்சம் தினார். பெருக்கிப் பாருங்கள், டாலி ஆகிறது. இந்தப் பணம் அரசு கஜானாவிலிருந்து போகவில்லை, கோயில் சொத்துகளின் வருமானத்திலிருந்தும் தேவதாசிகள் மீதான வரியிலிருந்தும் போனது என்று வேறு எழுதுகிறார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. குதிரை செத்துப்போனால் அதன் விலையையும் பாண்டியர் கஜானாவே கொடுத்துவிட வேண்டும்!

இன்னொரு தகவலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாண்டிய ராஜாவுக்கு மந்திரியாக, ஆலோசகராக இருந்தவர் தகியுதீன். அவர் யார்? குதிரை விற்ற ஜமாலுதீனின் சகோதரர். விற்பவர் வீட்டிலும் அவர்தான், வாங்குபவர் வீட்டிலும் அவர்தான். நம்மூர் ஆடிட்டர் யாராவது இந்த ஃபைலைப் பார்த்திருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்திருப்பார். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்த கதை.

சரி, லாயத்துக்குள் என்ன நடந்தது? வஸ்ஸாஃப் அதையும் விடவில்லை. பச்சைப் பார்லி தின்று வளர்ந்த அரபுக் குதிரைக்கு, இங்கே வறுத்த பார்லியும் நெய் கலந்த தானியமும் கொடுக்கிறார்கள். குடிக்கக் காய்ச்சிய பசும்பால். மார்க்கோ போலோ தன் பங்குக்கு, வேகவைத்த இறைச்சியும் அரிசியும் போடுகிறார்கள் என்கிறார். நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல், ஏறி உட்கார்ந்து பேய் மாதிரி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை மந்தமாகி, நொந்து, எதற்கும் லாயக்கில்லாமல் போய்விடுகிறதாம்.

எனக்கு இதில் கொடுமை தெரியவில்லை. விருந்து தெரிகிறது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை எப்படிக் கவனிப்போமோ அப்படிக் கவனித்திருக்கிறார்கள். நெய், பால், சோறு, உட்கார்ந்த இடத்தில் ஓய்வு. உழவு மாட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஜனங்கள், அதே கையால் குதிரையையும் பார்த்துக்கொண்டார்கள். மாடு அசைபோடும், அதன் இரைப்பைக்கு நாலு அறை. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சின்ன இரைப்பை. கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் புல் மேயப் படைக்கப்பட்டது. வேண்டாததைத் தின்றுவிட்டால் வாந்திகூட எடுக்க முடியாது. வயிற்று வலியிலேயே செத்துப்போகும்.

குதிரையை வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்திருப்பது தினப்படி வேலை. அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிய, கொஞ்சம் இங்கிலாந்து போய்விட்டு வருவோம்.

அங்கே தடை தாண்டும் பந்தயம் என்று ஒன்று உண்டு. நம் கிண்டியில் சமீப காலம் வரை பார்த்த மாதிரி சமதளத்தில் ஓடுவதல்ல. வேலி, பள்ளம் எல்லாம் தாண்ட வேண்டும். 1752-ல் அயர்லாந்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, ஒரு சர்ச் கோபுரத்திலிருந்து இன்னொரு சர்ச் கோபுரம் வரை வழியில் எது வந்தாலும் தாண்டி ஓட்டியதில் ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். முக்கியமான சீசன் குளிர்காலம். அப்போதுதான் மண் ஈரமாக, கால் அடிபடாமல் மெத்தென்று இருக்கும்.

இந்தக் குதிரைகளைத் தயார் செய்கிற டிரெயினரின் நாள், நம் பால்காரர் நாளைவிடச் சீக்கிரம் தொடங்கும். விடிவதற்கு முன்பே முதல் தீனி. முதலில் பார்ப்பது குதிரையை அல்ல, தீனித் தொட்டியை! ராத்திரி வைத்ததில் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் ஏதோ சரியில்லை. அடுத்து ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்க்க வேண்டும். குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே சதை கிடையாது, எலும்பும் நரம்பும்தான். அங்கே லேசாகச் சூடு தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் ரத்து. விடிந்ததும் முதல் கோஷ்டி வெளியே போகும். நடை, துள்ளோட்டம், பிறகு மேட்டில் ஓட்டம். திரும்பி வந்ததும் மூச்சு அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். அடுத்த கோஷ்டி கிளம்பும். தாண்டக் கற்றுக்கொடுப்பது தனிப் பாடம். முதலில் தரையில் கிடக்கிற ஒரு கட்டை. அதை மிதிக்காமல் கடக்கப் பழகினால் கொஞ்சம் உயரம், அப்புறம் இன்னும் கொஞ்சம். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்தே ஆக வேண்டும். மத்தியானம் குதிரை முதலாளிகளுக்குப் போன், “ஏன் ஜெயிக்கவில்லை?” என்ற கேள்விக்குப் பதில். சாயங்காலம் மறுபடி கால் தடவல், ராத்திரி கடைசித் தீனி. ஞாயிறு, பண்டிகை கிடையாது. குதிரைக்குக் காலண்டர் தெரியாதே!

மார்ட்டின் பைப் என்று ஒருவர். அப்பா பந்தய புக்கி. குதிரைப் பரம்பரையெல்லாம் இல்லை. லாயத்திலேயே ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்தார். நீள ஓட்டத்துக்குப் பதில் சின்ன மேட்டில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். சக டிரெயினர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 2006-ல் ஓய்வு பெறுவதற்குள் 15 முறை பிரிட்டனின் முதல் டிரெயினர். மற்றவர்கள் வாங்கிய மாதிரிதான் இவரும் குதிரை வாங்கினார், ஓட்டியது மட்டும் வேறு மாதிரி.

நம் சுப்ரீம் கோர்ட்டும் 1996-ல் இந்த விஷயத்தைத் தொட்டது. தமிழ்நாடு அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு இருபது வருஷம் இழுத்தது. பந்தயம் அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்பு. வெற்றியில் பயிற்சிக்கும் பங்கு உண்டு என்று கோர்ட்டே ஒப்புக்கொண்டது. (கிண்டி மைதானத்தின் குத்தகையை 2024-ல் அரசு ரத்து செய்து சீல் வைத்தது தனிக்கதை. அதுவும் கோர்ட்டுக்குப் போனது.)

“அப்படியானால் நமக்குக் குதிரையே தெரியாதா?” என்று கோபப்படாதீர்கள். தெரியும். கொள்ளு என்று ஒரு தானியத்தைக் குதிரைக்குக் கொடுத்துப் பழகிய ஊர் இது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. குதிரை அதிகாரிக்கென்றே தனி அத்தியாயம். அதில் தீனிப் பட்டியலைப் பாருங்கள்: பாதி வேகவைத்த அரிசி, வெந்த பயறு, எண்ணெய், உப்பு, தயிர், இறைச்சி! மார்க்கோ போலோ முகம் சுளித்தாரே, அதே சமையல். ஆக, பாண்டியர் லாயத்தில் போட்டது முட்டாள்தனமாக யாரோ கண்டுபிடித்ததல்ல. பழைய வழக்கம்.

ஆனால் அதே அத்தியாயம் தீனியோடு நிற்கவில்லை. நடை வகைகளைச் சொல்கிறது. வட்டமாக ஓடுவது, மெதுநடை, சைகைக்குக் கட்டுப்படுவது. அந்த வரிசையில் ‘லங்கனம்’ என்று ஒன்று, அதாவது தாண்டுதல். குரங்கு மாதிரி தாண்டுவது, தவளை மாதிரி தாண்டுவது, கொக்கு மாதிரி போவது என்று ஏழு தினுசு. அயர்லாந்துக்காரர்கள் பந்தயம் கட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு! கூடவே இன்னொரு விதி. வைத்தியத்தில் அலட்சியத்தால் நோய் முற்றினால் செலவைப்போல் இரண்டு மடங்கு அபராதம். குதிரை செத்தால் அதன் முழு விலையும் அபராதம். பார்த்துக்கொண்டவர் கட்ட வேண்டும்.

அந்தப் பக்கங்கள் மதுரை லாயத்துக்கு வரவேயில்லையோ, வந்தும் யாரும் புரட்டவில்லையோ. வஸ்ஸாஃபை நம்பினால், சமையல் குறிப்பு மட்டும் பிழைத்திருக்கிறது. பயிற்சி போய்விட்டது. அபராதமோ தலைகீழாகி, செத்த குதிரைக்கு ராஜா விலை கொடுக்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் மிகைப்படுத்தியிருக்கலாம்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடலோரக் காற்று, மேய்ச்சல் நிலம் இல்லாமை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வருஷா வருஷம் கப்பல் வந்துகொண்டே இருந்ததே, அதற்கு வேறு என்ன அர்த்தம்?

நம் ஜனங்களுக்கும் இது உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். மாணிக்கவாசகர் கதையை நினைத்துப் பாருங்கள். குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியன் பணம் கோயிலுக்குப் போய்விடுகிறது. சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து காட்டுகிறார். ராத்திரியானதும் லாயத்தில் இருந்ததெல்லாம் மறுபடி நரி. பழைய குதிரைகளையும் கடித்துவிட்டுக் காட்டுக்கு ஓடிவிடுகின்றன. பக்திக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் பகலில் எண்ணி வாங்கிய குதிரை ராத்திரியில் காணாமல் போவது மதுரைக்காரர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்காது.

குலசேகரனை மகனே கொன்றான் என்கிறார் வஸ்ஸாஃப். பிள்ளைகள் இருவரும் அடித்துக்கொண்டார்கள். 1311-ல் மாலிக் காஃபூர் குதிரைப் படையோடு மதுரைக்கு வந்தார். திரும்பும்போது 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கொண்டுபோனதாக அமீர் குஸ்ரோ எழுதிவைத்திருக்கிறார். கோயில் வருமானத்தில் வாங்கிய குதிரைகளில் மிஞ்சியவை டெல்லிக்குப் போயின.

வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. விஜயநகர ராஜாக்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 1530-களில் அங்கே தங்கியிருந்த போர்த்துகீசியர் நூனிஸ் தானே குதிரை வியாபாரி. சாளுவ நரசிம்மரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஹோர்முஸிலிருந்து வந்த குதிரைகளை ராஜா உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும் வாங்கிக்கொள்வாராம். நடுக்கடலில் செத்ததை எப்படிக் கொண்டுவருவது? வாலை மட்டும் வெட்டி எடுத்துவந்து காட்டுவார்கள். வாலைப் பார்த்துவிட்டு, முழுக் குதிரைக்கான காசையும் எண்ணிக் கொடுத்தார்கள்.