ராஜாஜியின் சந்தேகமும் கிண்டியின் கிருமியும்

தி.நகர் பஸ்லுல்லா ரோட்டில் ராஜாஜி வாழ்ந்தார். அங்கிருந்து கிண்டியில் இருக்கும் பிசிஜி தடுப்பூசி ஆய்வகத்துக்கு ஆட்டோவில் அரை மணி நேரம்தான். ஆய்வகம் 1948ல் தொடங்கியது. 1955ல் ராஜாஜி, பிசிஜியை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமே போட்டார். முதல்வர் பதவியை விட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. எதிர்ப்பக்கம் மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர்.

பெரியவரின் பிடிவாதம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியவில்லை. உயிருள்ள காசநோய்க் கிருமியின் உறவினரை ஆரோக்கியமான குழந்தைகள் உடம்பில் ஏற்றலாமா என்பது அவர் கேள்விகளில் ஒன்று. நியாயமான கேள்வி. பதில் சொல்ல, அந்தக் குப்பிக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

நம் வீட்டு இட்லி மாவில் பலவகை பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. தடுப்பூசிக்கு அது ஆகாது. ஒரே ஒரு வகை, வேறு எதுவும் கூடாது. இதைத்தான் தூய வளர்ப்பு, ப்யூர் கல்ச்சர் என்கிறார்கள். பிசிஜிக்கு இது கூடுதல் கஷ்டம். ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகும். பிசிஜி கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். ஓரமாக ஒரு அந்நியன் நுழைந்தால் போதும், கதை முடிந்தது.

1908ல் பிரான்சின் லில் நகரில் கால்மெட், குவெரன் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின் மேல் வளர்த்தார்கள். சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் புதுக் கிழங்கில் வைப்பார்கள், நாற்று பிடுங்கி நடுவது மாதிரி. முதல் உலகப் போரில் ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோதும் விடவில்லை. பதின்மூன்று வருஷம், 230 முறை. அதற்குள் கிருமி நோய் உண்டாக்கும் வலிமையை இழந்துவிட்டது. 1921ல் பாரிசில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

1930ல் ஜெர்மனியின் லூபெக்கில் சுமார் 250 குழந்தைகளுக்கு இந்த மருந்து புகட்டப்பட்டது. 72 குழந்தைகள் இறந்தன. பிசிஜி மறுபடி விஷமாக மாறிவிட்டது என்று உலகமே பயந்தது. விசாரணையில் தெரிந்தது வேறு: அதே ஆய்வகத்தில் வைத்திருந்த வீரியமுள்ள காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கினிப் பன்றிக்குச் செலுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஆக, லூபெக்கில் கிருமி மாறவில்லை, மனிதர்கள் சுத்தம் காக்கவில்லை.

ஆனால் கிருமி மாறவே இல்லையா? இங்கேதான் எனக்குள் இருக்கும் மென்பொருள்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கால்மெட்டின் கிருமி பல நாடுகளுக்குப் போனது. உறையவைத்து உலர்த்தும் முறை நடைமுறைக்கு வரும்வரை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி, மாற்றி மாற்றி நட்டுக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஃபோர்க், ஒவ்வொரு நடவிலும் சின்னச் சின்ன பிழை, பேக்கப் கிடையாது. மூலக் கிருமி இன்று யாரிடமும் இல்லை. 1999ல் மரபணுக்களை ஒப்பிட்டபோது எல்லாக் கிளைகளிலும் ஆர்டி1 என்ற பகுதி காணவில்லை. அது லில் காலத்திலேயே போனது, வீரியம் குறைய முக்கியக் காரணமும் அதுதான். ஆர்டி2 சில கிளைகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. 1920களின் கடைசியில் விழுந்திருக்கிறது.

கிண்டி பயன்படுத்தியது கோபன்ஹேகன் கிளை, டேனிஷ் 1331. வேற்று உயிர் ஒன்றும் இல்லாமல், நூற்றுக்கு நூறு தூய்மையாகவே ஒரு கிருமி மெல்ல வேறொன்றாகிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 1966ல் இதற்கு ஒரு தடுப்புப் போட்டது: உலர்த்தி வைத்த மூல விதையிலிருந்து பன்னிரண்டு நடவுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பாஷையில் ஸ்னாப்ஷாட்.

ராஜாஜிக்கு மதிப்பெண் போட்டால்? பிசிஜி கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போடப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுக்கிறது, என் தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. அவர் பயந்த பேரழிவு நடக்கவில்லை. ஆனால் பலன் நிரூபிக்கப்படவில்லை என்றும் அவர் சொன்னார். 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் டேனிஷ், பாரிஸ் கிளைகள் இரண்டையும் வைத்துப் பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பிரிட்டனில் முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்புக் கொடுத்தது கோபன்ஹேகன் கிளை. இங்கே 1979ல் வந்த முதல் அறிக்கையில், நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பே தெரியவில்லை. கிளை மாறியதாலா, நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் அதன் உறவுக் கிருமிகளாலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்.