நாகபுரியில் ஒரு நள்ளிரவு

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், நம்மவர் நெடுங்காலம் சொல்லிவந்த விடை ‘இரண்டு ராத்திரி’ என்பதே. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் செல்லும் இருப்புப்பாதையின் நீளம் சுமார் 2,180 கிலோமீட்டர். பாலம் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு வான்வழியே நேர்கோடு வரைந்தால் சுமார் 1,760 கிலோமீட்டர்தான். இந்தக் கோட்டின் நீளம் என்றும் மாறியதில்லை. அதைக் கடக்கும் காலம் மாறிய வரலாற்றையே இங்கு நாம் காணப்போகிறோம்.

சென்னைக்கு விமானத் தபால் முதலில் மேற்கிலிருந்துதான் வந்தது. லண்டனிலிருந்து கராச்சி வரை விமானத்தில் வந்த கடிதங்களை, 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறிய ‘புஸ் மாத்’ விமானத்தில் அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றவர் நெவில் வின்சென்ட். இருளில் வழிகாட்டும் கருவிகள் இல்லாத அந்நாளில், பொழுது சாய்ந்தால் விமானமும் தங்கிவிடும்.

அந்த இரவையே பயணத்துக்குரியதாக்கியது 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய இரவு விமானத் தபால் திட்டம். தபாலுக்கும் விமானப் போக்குவரத்துக்கும் பொறுப்பேற்றிருந்த மந்திரி ரஃபி அகமத் கித்வாய் இதில் முனைந்து நின்றார். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பிய விமானங்கள் நள்ளிரவை ஒட்டி நாகபுரியில் கூடின. தபால் மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு, விடியலில் தத்தம் நகரங்களுக்குத் திரும்பின. நாகபுரி தில்லி–சென்னை நேர்கோட்டின் ஏறக்குறைய நடுவிலேயே அமைந்திருப்பதால், நமக்கு அது சுற்றுவழியாகவும் இல்லை. மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் செல்லும் டக்கோட்டா விமானத்துக்கு, இடையில் நிற்கும் நேரம் நீங்கலாக, ஆறரை மணிப் பயணம்.

அவ்வாண்டு ஏப்ரல் முதல், உள்நாட்டுக் கடிதங்கள் கூடுதல் கட்டணமின்றியே விமானத்தில் ஏற்றப்பட்டன. விமானச் சீட்டு வாங்க இயலாத குமாஸ்தாவின் கடிதமும் விமானம் ஏறியது. ஊரில் தாயார் நலமா, தங்கையின் வரன் முடிவாயிற்றா என்று இரண்டு ராத்திரி காத்திருந்தவர்களுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

இந்த வேகத்துக்கு விலையும் உண்டு. இரவில் இறங்குவதற்குரிய வசதிகள் போதாவென்று டாட்டாவே அன்று ஆட்சேபித்திருந்தார். 1953 டிசம்பர் 12 அன்று நாகபுரியிலிருந்து கிளம்பிய இரவுத் தபால் விமானம் இயந்திரக் கோளாறால் வீழ்ந்து, 13 பேர் உயிரிழந்தனர். நம் வாசலில் காலையில் விழுந்த கடிதங்களுக்குப் பின்னால், உறக்கம் துறந்த விமானிகளும் தபால் ஊழியர்களும் இருந்தனர்.

1957-இல் வைகவுண்டும், 1964-இல் காரவெல் ஜெட்டும் வந்தன. இன்று அதே தூரத்தை மூன்று மணிக்குள் கடந்துவிடுகிறோம். நாகபுரியை உறக்கத்திலேயே தாண்டிவிடுகிறோம். ஆயினும் மீனம்பாக்கத்தில் இறங்கியபின் திருநெல்வேலிச் சீமைக்கோ தஞ்சைக் கிராமத்துக்கோ போய்ச் சேர மேலும் ஓர் இரவு வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு உள்ள தூரத்தை அன்று முழுமையாகக் கடந்தது, காக்கி உடைத் தபால்காரர் கையில் வந்த அந்தக் கடிதமே.