நூலக இதழும் ஆசிரியர் எழுதுகோலும்

நூலகர்களுக்கென்று ஓர் இதழை நடத்துவோர்க்கு எந்நாட்டிலும் ஒரு தொல்லை உண்டு. நூல்களை அடுக்கும் முறை, எண்ணிடும் முறை, பதிவேடு எழுதும் முறை ஆகியவை பற்றிக் கட்டுரைகள் வந்து குவியும். அந்நூல் ஒரு சிறுவன் கைக்குச் சென்றபின் வகுப்பறையில் என்ன நிகழ்ந்தது என்பதை எழுதுவோர் அரியர். அதனை அறிந்தவர் ஆசிரியர். அவரோ இதழுக்கு எழுதுவதைத் தம் கடமையாகக் கருதுவதில்லை. ஆயினும், நேயர்களே, நம் நாட்டு நூலக இயக்கத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஆசிரியரும் நூலகரும் கைகோத்த இடங்களிலேயே அது தழைத்திருக்கக் காண்கிறோம்.

பரோடாவை முதலிற் சொல்லவேண்டும். இன்று வடோதரா என வழங்கும் அந்நகரில் தமிழன்பர்கள் பலர் வாழ்கின்றனர். அச்சமஸ்தானத்தை ஆண்ட மூன்றாம் ஸயாஜிராவ் கெயிக்வாட், 1893இல் அம்ரேலி வட்டாரத்தில் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கி, 1906இல் அதனைச் சமஸ்தானம் முழுமைக்கும் விரித்தார். எழுத்தறிந்தவனுக்குப் படிக்க நூல் கிட்டாவிடில் அறிந்த எழுத்தும் மறந்துபோகும் அன்றோ? எனவே கல்வியின் பின்னே நூலகம் வந்தது. 1910இல் வில்லியம் ஆலன்சன் போர்டன் என்னும் அமெரிக்க நூலகர் வரவழைக்கப்பட்டார். மறு ஆண்டிலேயே நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்று அமைந்தது. அரண்மனையிலிருந்த ஏறத்தாழ 20,000 நூல்கள் பொதுமக்களுக்கெனத் தரப்பட்டன.

போர்டன் 1913இல் தாயகம் திரும்பினார். பரோடா நூலகங்களின் புகழில் பெரும்பங்கு அவருக்கே தரப்படுகிறது. என் கருத்து சற்றே வேறு. மோதிபாய் அமீன் என்னும் பள்ளியாசிரியர், போர்டன் வருமுன்பே 'மித்ர மண்டல்' என்ற பெயரால் சிற்றூர்களில் வாசகசாலைகளை நிறுவத் தொடங்கியிருந்தார். பின்னர் அவரும் நூலகத் துறையிற் சேர்ந்தார். நூல்கள் நிறைந்த பெட்டிகள் ஊர்தோறும் சென்றன. கட்டணம் இல்லை, போக்குவரவுச் செலவும் அரசினுடையதே. பல சிற்றூர்களில் பள்ளிக்கூடமே நூலகம்; வாத்தியாரே நூலகர். அரண்மனை நூல்களைக் காட்டிலும் இப்பெட்டிகளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இச்சூழலில் 1912இல் 'லைப்ரரி மிஸலெனி' என்ற இதழ் பரோடாவில் தோன்றியது. ஆங்கிலம், குஜராத்தி, மராத்தி ஆகிய மும்மொழிகளும் அவ்வோர் இதழில் இடம்பெற்றன. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட என் போன்றோர்க்கு இது வியப்பும் பொறாமையும் தரும் செய்தி. ஆங்கிலப் பகுதி வெளியுலகிற்குச் செய்தி சொல்லும். பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்கு நூல் வழங்கும் வாத்தியாருக்கோ அவர் மொழியிற் சொன்னாலன்றிப் பயனில்லை. ஒரு சொல்லைப் பாருங்கள்: மராத்தியர் 'வாசனாலய' என்றும் 'கிரந்தாலய' என்றும் கூறுவர், குஜராத்தியர் 'புஸ்தகாலய' என்பர், நாமோ வாசகசாலை, புத்தகசாலை, நூல்நிலையம் எனப் பல படி கடந்து 'நூலகம்' என்ற சொல்லை அடைந்தோம்.

ஆந்திர நாட்டிலும் இவ்வாறே. 1914இல் பெசவாடாவில் கூடிய மாநாட்டில் ஐயங்கி வெங்கட ரமணய்யா முதலியோர் முயற்சியால் நூலகச் சங்கம் பிறந்தது. 'கிரந்தாலய சர்வஸ்வம்' என்னும் தெலுங்கு இதழும் தொடர்ந்தது.

ஓர் ஆசிரியர் இத்தகைய இதழுக்கு என்ன எழுதலாம்? பெரிய தத்துவம் வேண்டுவதில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கையில் ஒரே படி. அதை எவ்வாறு பகிர்ந்தார்? நிலப்படத்தில் ஓர் ஆற்றைத் தேடச் சொன்னபோது பிள்ளைகள் நூலின் முன்பக்கத்தைப் பார்த்தனரா, பின்னுள்ள அகராதி வரிசையைப் பார்த்தனரா? எந்தக் கேள்வி அவர்களை அலமாரியிடம் அனுப்பியது? எது பயனற்றுப் போயிற்று? இந்நான்கையும் இரண்டு பக்கத்தில் எழுதினால், மற்றோர் ஊரிலுள்ளவர் மறுநாளே செய்து பார்க்கலாம். பயனற்றுப் போனதைப் பலரும் விட்டுவிடுகின்றனர். அடுத்தவர்க்கு மிகவும் உதவுவது அதுவே. வெளிமாநிலப் பள்ளிகளில் தமிழ் நூல்கள் ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடுவதும், பிள்ளைகள் மூன்று எழுத்துக்களைக் கற்க நேர்வதும் உண்டு. அங்குப் பணியாற்றும் தமிழாசிரியர் அறிந்தவற்றைத் தமிழ்நாட்டு ஆசிரியர் அறிய வழியில்லை.

தமிழ்நாட்டில் இதன் மூலவர் சீகாழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவரே முதலில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, சில நாட்களிலேயே சலிப்புற்று, மீண்டும் வகுப்பறைக்கே அனுப்புமாறு வேண்டியவர். இங்கிலாந்து சென்று அங்குள்ள நூலகங்களைக் கண்டபின்னரே அவர் மனம் மாறியது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. அவ்வாண்டில், நூலகத்தின் அடிப்படைகளைத் தேடி அவர் உழன்றுகொண்டிருந்தபோது, அவருக்குக் கணிதம் கற்பித்த கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் அங்கு வந்தார். நூல்கள் பயன்படுத்தற்கே என்னும் கருத்தைப் பேச்சுவாக்கிற் சொல்லிச் சென்றார். அதுவே முதல் விதியாயிற்று. ஏனைய நான்கும் அதன்வழி எழுந்தன. நூலக இயலின் முதல் விதி ஒரு வாத்தியார் வாய்மொழி!

அவ்வாண்டு டிசம்பரில், சிதம்பரத்து மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில் ரங்கநாதன் அவ்விதிகளை விளக்கினார். கேட்டவர் நூலகர் அல்லர், ஆசிரியர். 1929இல் சங்கம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931இல் ஐந்து விதிகள் நூலாயின. 1942இல் பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றியே தனிநூல் ஒன்றை எழுதினார்.

பின்னர் தில்லியில் வாழ்ந்தபோது, 1949இல் இந்திய நூலகச் சங்கத்தின் சார்பில் 'அப்கிலா' என்னும் இதழை அவர் தொடங்கினார். ஒரே உறையில் மூன்று பகுதிகள்: ஆய்வுக் கட்டுரைக்கு ஒன்று, சங்கச் செய்திக்கு ஒன்று, மூன்றாவது 'கிரந்தாலய' என்னும் இந்திப் பகுதி. பரோடாவின் மும்மொழி இதழ் நின்று நெடுங்காலம் கழிந்திருந்தது. வாத்தியாருக்கு விளங்கும் மொழியிற் சில பக்கங்களை ஒதுக்கும் வழக்கம் தலைநகரிலும் தொடர்ந்தது.