நினைவுநாட் பெயர்களும் அவற்றின் பொருளும்

வழிபாட்டிடங்களில் கொல்லப்பட்டோரை ஒரு சமூகம் எச்சொல்லால் நினைவுகூர்கிறது என்பது மொழியாய்வுக்கும் உரியதாகும். இலங்கையின் கிழக்கே, காத்தான்குடியில், 1990 ஆகஸ்டு 3ஆம் நாள் இரவுத் தொழுகையின்போது மீரா ஜும்மா, ஹுசைனியா ஆகிய பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் நடத்தியதாகப் பதிவாகியுள்ள தாக்குதலில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிறுவரும் அவர்களுள் அடங்குவர். அந்நாள் ஆண்டுதோறும் ‘ஷுஹதாக்கள் தினம்’ எனக் கடைப்பிடிக்கப்படுகிறது. ‘ஷஹீத்’ என்னும் அரபுச் சொல்லின் பன்மை ‘ஷுஹதா’. அதன்மேல் ‘கள்’ விகுதியும் சேர்ந்துள்ளது. ‘உலமாக்கள்’ என்பதும் இவ்வாறு அமைந்ததே. இவ்விரட்டைப் பன்மை, அச்சொல் தமிழ் வழக்கில் வேரூன்றியமையைக் காட்டும்.

‘ஷஹீத்’ என்பதன் அடிப்பொருள் சாட்சி. கிறித்தவத் தமிழின் ‘வேதசாட்சி’ என்பதும் இப்பொருளைத் தழுவியதே. ஆயினும், 1995 ஜூலை 9இல் இலங்கை விமானப்படையின் குண்டுவீச்சால், யாழ்ப்பாணத்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தஞ்சம் புகுந்திருந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த நிகழ்வு, ‘நவாலிப் படுகொலை’ என்றே நினைவுகூரப்படுகிறது.

முன்னைய பெயர் மாண்டோரை உயர்த்துகிறது, கொலையைச் சுட்டுவதில்லை. பின்னையது கொலையைச் சுட்டுகிறது. மாண்டோரைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. காத்தான்குடியில் சொல் கூறாது விட்டதைச் சுவர் கூறுகிறது. மீரா ஜும்மா பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிக் குண்டுகளின் தடங்கள் பூசி மறைக்கப்படாமல் பேணப்பட்டுள்ளன. மாண்டோர்க்குச் ‘சாட்சி’ என்னும் பெயர் வழங்கப்பட்டது. சாட்சியம் பகரும் பொறுப்போ அச்சுவரிடமே உள்ளது.