நாலாயிரம் ரூபாய் டம்ளரும் நடுராத்திரி டீயும்

போன வாரம் சென்னையிலிருந்து மகள் போன் பண்ணினாள். "அப்பா, ராத்திரி தண்ணி கட்டப் போறீங்கல்ல, உங்களுக்கு ஒரு டம்ளர் வாங்கி அனுப்பறேன். டீ ஆறவே ஆறாது." விலை என்னன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கி நாலாயிரம்னு சொன்னாள். "ஏன் கண்ணு, டம்ளரோட ஒரு ஆட்டுக்குட்டியும் தர்றாங்களா?"

சிரித்துவிட்டு போட்டோ அனுப்பினாள். ஸ்டான்லின்னு ஒரு அமெரிக்க கம்பெனியோடது. கைப்பிடி, மூடியில் உறிஞ்சுகுழல் போட ஓட்டை, ஒண்ணேகால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியாகப் பிடிக்கும். அந்த ஊரிலேயே 45 டாலராம்.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்லணும். கிணத்து மோட்டார் ஓட மும்முனை கரண்ட் வேணும். எங்க பக்கம் பாதி நாள் அது ராத்திரிதான் வரும். மார்கழிப் பனியில் மஞ்சக்காட்டுக்குள் நின்று மடை திருப்புகிறவனுக்கு ஒரு வாய் சூடான டீ ஆடம்பரம் இல்லை. அதனால் மகள் கேட்டதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை.

எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) காட்டுக்குச் சுரைக்குடுக்கையில் தண்ணி கொண்டு போவார். நல்லா முத்தின சுரைக்காயைக் காயவைத்து உள்ளே சுரண்டி எடுத்தது. உச்சி வெயிலிலும் தண்ணி குளுகுளுன்னு இருக்கும். ஆனால் சூட்டைக் காப்பாற்ற அவரிடம் வழியில்லை. அப்பா காலத்தில் தூக்குப்போசியில் டீ போகும், மேலே துண்டைச் சுற்றி. காடு போய்ச் சேருவதற்குள் பாதி ஆறிவிடும்.

சூட்டைப் பிடித்து வைக்கிற வித்தை 1892இல் லண்டனில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் டீயை நினைத்துச் செய்யவில்லை. ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருந்த ஜேம்ஸ் டியூவர் காற்றையே குளிரவைத்துத் திரவமாக்கிக்கொண்டிருந்தார். அது கொதித்து ஓடிவிடாமல் வைக்கப் பாத்திரம் வேணும். கண்ணாடிக்குள் கண்ணாடி, நடுவிலே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். தொட்டுக் கடத்தவும் சுமந்து போகவும் காற்று இல்லை என்றால் சூடு எதைப் பிடித்துத் தாண்டும்? மிச்சம் கதிராகப் போகிற சூடு. அதற்கு வெள்ளிப் பூச்சு. அவ்வளவுதான் வித்தை. இன்றைக்கு நாலாயிரம் ரூபாய் டம்ளருக்குள் இருப்பதும் இதே வெற்றிடம்தான்.

டியூவர் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பெர்லினில் கண்ணாடிக் கருவிகள் செய்த ரைன்ஹோல்ட் பர்கர் அதற்கு உலோக உறை போட்டு, வீட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி ஆக்கி, 1903இல் ஜெர்மனியில் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷம் தெர்மாஸ் கம்பெனி பிறந்தது. டியூவர் கோர்ட்டுக்குப் போயும் காசு கிடைக்கவில்லை. விளைவித்தவன் ஒருத்தன், விலை வைப்பவன் ஒருத்தன். நமக்குத் தெரியாத கதையா?

அந்தக் கண்ணாடி பிளாஸ்க் நான் சின்னப்பையனாக இருக்கும்போது எங்க ஊரில் ரெண்டே வீட்டில்தான் இருந்தது. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் இரவல் வாங்கிப் போவோம். அம்மா படுத்திருந்தப்ப நான் பஸ்ஸில் கீழே போட்டுவிட்டேன். வெளியே ஒரு கீறல் இல்லை, ஆட்டினால் உள்ளே சலசலன்னு சத்தம். உள்கண்ணாடி மட்டும் தனியாக விற்பார்கள். அதை வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் அந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

உடையாத பிளாஸ்க் 1913இலேயே வந்துவிட்டது. முழுக்க எஃகு. செய்தவர் வில்லியம் ஸ்டான்லி. அவர் யாருன்னு படித்தப்போ நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1886இல் அமெரிக்காவில் கிரேட் பாரிங்டன் என்கிற சின்ன ஊரில், டிரான்ஸ்பார்மர் வைத்து மாறுமின்சாரத்தால் கடைத்தெருவுக்கு விளக்கெரித்துக் காட்டிய அதே ஆள்! எங்க காட்டு ஓரத்தில் ராத்திரி பூரா உறுமுகிற டிரான்ஸ்பார்மருக்கும், அதன் பக்கத்தில் உட்கார்ந்து நான் குடிக்கிற டீக்கும் பாட்டன் ஒருத்தரே.

அந்த எஃகு பிளாஸ்க் கனம். 1978இல் ஜப்பானில் ஆக்சிஜன் விற்கிற நிப்பான் சான்சோ கம்பெனி மெல்லிசான துருப்பிடிக்காத எஃகில் செய்தது. 1989இல் தெர்மாஸையே வாங்கிவிட்டது. நம்ம கடைகளில் கிடைக்கிற எஃகு பாட்டில்கள் அந்த வகையறா.

உழைக்கிறவன் கையில் ரொம்ப காலம் இருந்த ஸ்டான்லி, 2016இல் இந்தக் கைப்பிடி டம்ளரைக் கொண்டுவந்தது. முதலில் சரியாக விற்கவில்லை. அப்புறம் பெண்களைப் பார்த்து, விதவிதமான நிறத்தில் விற்க ஆரம்பித்ததும் அமெரிக்காவில் கடை வாசலில் வரிசை. 2023இல் ஒரு அம்மாவோட கார் தீப்பிடித்து எரிந்தும் டம்ளருக்குள் ஐஸ் மிச்சம் இருந்தது என்று வீடியோ பரவியது. கம்பெனி அவருக்குப் புதுக் காரே வாங்கிக் கொடுத்தது. காருக்கான காசு எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லணுமா?

மகளிடம் சொன்னது இதுதான். ஆபீஸ் மேஜையில் ஐஸ் தண்ணி குடிக்கிற உனக்கு அது சரியாக இருக்கலாம். அடிப்பக்கம் குறுகலாக வைத்திருப்பது கார் கப் ஹோல்டரில் நிற்கத்தான். நம்ம டிவிஎஸ் 50ல் அது எங்கே இருக்கு? வெற்றிடச் சுவர் ஒழுங்காக இருந்தால் சூடு பெரும்பாலும் மூடி வழியாகத்தான் போகும். ஓட்டை மூடியை விட மரை போட்டு இறுக்குகிற மூடி நல்லது. காட்டில் பூச்சியும் விழாது.

நான் வைத்திருப்பது ஈரோட்டில் எழுநூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில். வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் கொதிக்கிற தண்ணியை ஊற்றி மூடி, பத்து நிமிஷம் கழித்து வெளியே தொட்டுப் பாருங்க. சுட்டால் வெற்றிடம் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். என்னோடது நாலு வருஷம் நின்றது. போன மாசம் வாய்க்கால் கான்கிரீட்டில் விழுந்து அடியில் நசுங்கிவிட்டது, இப்போது தொட்டால் சுடுகிறது. அடுத்த சந்தை வரைக்கும் அப்பா மாதிரி மேலே துண்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.