‘அணுகலாம்’ என்றொரு அனுமதி

விமானம் தரையை நோக்கி இறங்கத் தொடங்கியதும் விமானி அறையில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? உயரத்தையும் வேகத்தையும் குறைக்க வேண்டும். வரைபடத்தைப் படிக்க வேண்டும். கருவிகளைத் திருத்த வேண்டும். இவற்றுக்கிடையே வானொலியில் வரும் கட்டளைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். நடுவானில் மணிக்கணக்காக இல்லாத வேலையெல்லாம் இந்தச் சில நிமிடங்களில் வந்து குவிகிறது. இந்த நேரத்தில் ஒரு சொல்லுக்குச் சொன்னவர் ஒரு பொருளும் கேட்டவர் வேறு பொருளும் கொண்டால் என்ன ஆகும்?

1974 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம், ஒரு போயிங் 727, 92 பேருடன் வாஷிங்டன் நகரை நோக்கிப் பறந்து கொண்டிருந்தது. நகருக்குள் இருக்கும் நேஷனல் விமான நிலையத்தில் காற்று பலமாக வீசியதால், மேற்கே உள்ள டல்லஸ் நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டது. கீழே எங்கும் மேகமும் மழையும். தரை கண்ணில் படவில்லை.

காலை 11 மணி 4 நிமிடம். விமானம் 7000 அடி உயரத்தில், டல்லஸிலிருந்து 44 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 12-ஆம் எண் ஓடுபாதையை அணுகலாம் என்று கட்டுப்பாட்டு அலுவலர் அனுமதி தந்தார். எந்த உயரத்துக்கு இறங்கலாம் என்று அவர் சொல்லவில்லை. விமானிகள் கேட்கவும் இல்லை.

அணுகும் பாதையின் படத்தில் 1800 அடி என்று ஓர் எண் இருந்தது. ஆனால் அது ரவுண்ட் ஹில் என்ற குறியிடத்தைத் தாண்டிய பிறகே செல்லும். அதற்கு மேற்கே புளூ ரிட்ஜ் மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. ரவுண்ட் ஹில்லுக்கு முந்தைய ஒரு பாதைக்கு 3400 அடி என்று அதே தாளில் அச்சாகியிருந்தது.

விமானிகள் இதைப் பார்க்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பார்த்தார்கள்! ரவுண்ட் ஹில் வரை 3400 அடி என்று தாள் சொல்கிறதே என்று தலைமை விமானி கூறியது ஒலிப்பதிவில் இருக்கிறது. மூவரும் அதைப் பற்றிப் பேசினார்கள். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் இறங்கலாம் என்றுதான் பொருள் என முடிவு செய்தார்கள். சரியான எண் கையில் இருந்தது, சந்தேகமும் வந்தது. வானொலியில் ஒரு கேள்வி கேட்க ஐந்து விநாடி போதும். ஆனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில், குலுங்கும் விமானத்தில் இறங்கிக் கொண்டிருப்பவர்களுக்கு அந்த ஐந்து விநாடி எளிதில் கிடைப்பதில்லை.

ரேடாரில் நம்மைப் பார்த்துக் கொண்டிருப்பவர், கீழே மலை இருந்தால் அனுமதி தருவாரா என்பது விமானிகளின் எண்ணம். அணுக அனுமதி தந்தாகிவிட்டது, உயரத்தைப் படம் பார்த்துக் கடைப்பிடிப்பது விமானியின் பொறுப்பு என்பது கட்டுப்பாட்டுத் துறையின் எண்ணம். விந்தை என்னவென்றால், இரு தரப்பாரும் பல்லாண்டுகளாக இதே சொல்லை நாள்தோறும் பேசி வந்தவர்கள்.

இங்கே கொஞ்சம் இயற்பியல். விமானத்தின் சாதாரண உயரமானி காற்றழுத்தத்தை அளந்து கடல் மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும். அடியில் சமவெளியா மலையா என்பது அதற்குத் தெரியாது. ரேடியோ உயரமானி வேறு வகை. அது தரைக்கு அலைகளை அனுப்பி எதிரொலியைக் கவனிக்கிறது. 300 மீட்டர் உயரத்திலிருந்து அலை போய்த் திரும்ப 2 மைக்ரோவிநாடி ஆகும். 514-ஆம் விமானத்திலும் இக்கருவி இருந்தது. எச்சரிக்கை ஒலியும் எழுப்பியது. ஆனால் அது கடைசி விநாடிகளில்தான். சுமார் 1670 அடி உயரத்தில், மவுண்ட் வெதர் என்ற மலைச் சரிவில் விமானம் மோதியது. கட்டுப்பாட்டு அலுவலர் உயரத்தைச் சொல்லும்படி கேட்டபோது பதில் இல்லை. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. (அம்மலைக்குள் அரசின் இரகசிய நிலவறை இருந்தது பலருக்குத் தெரிய வந்ததும் இந்த விபத்தால்தான். அது தனிக் கதை.)

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஐவருக்குள்ளேயே ஒற்றுமை ஏற்படவில்லை. விமானிகளின் முடிவை மூவர் முதற்காரணமாகச் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். ஆனால் விதிமுறைகள் தெளிவாக இல்லை என்பதை வாரியம் ஒப்புக் கொண்டது. யார் குற்றவாளி என்ற இந்த வழக்கைவிட, விசாரணையில் வெளிவந்த மற்றொரு செய்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆறு வாரங்களுக்கு முன், யுனைட்டெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று இதே அனுமதியை இதே விதமாகப் புரிந்து கொண்டு இறங்கி, இதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது! தவறுகளை அச்சமின்றித் தெரிவிக்க அந்நிறுவனம் தன் விமானிகளுக்கு அப்போதுதான் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. அதன் வழியே செய்தி வந்தது. நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அந்த எச்சரிக்கை எட்டவில்லை. அதற்கு வழியே இருக்கவில்லை.

பிறகு வேலைகள் விரைவாக நடந்தன. உயர வரம்பைச் சொல்லாமல் இப்படி அனுமதி தரக்கூடாது என்று விதி திருத்தப்பட்டது. விமானிக்கும் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் பொதுவான சொல்விளக்கத் தொகுப்பு ஒன்று உருவாயிற்று. தரை நெருங்குவதை முன்னதாகவே உணர்ந்து எச்சரிக்கும் கருவி பெரிய பயணி விமானங்களுக்குக் கட்டாயமாயிற்று. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன் உருவாக்கியது அது. ரேடியோ உயரமானியின் எண்ணை மட்டும் பாராமல், அந்த எண் குறையும் வேகத்தையும் அது கணக்கில் கொள்கிறது.

செய்தி பரவ வழி காண்பதுதான் கடினமாக இருந்தது. விமானத் துறை நிர்வாகமே 1975-இல் ஓர் அறிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் உரிமத்தைப் பறிக்க அதிகாரம் உள்ளவரிடமே போய் ‘நான் தவறிவிட்டேன்’ என்று யார் எழுதித் தருவார்கள்? எனவே தண்டிக்கும் அதிகாரம் எதுவும் இல்லாத நாசாவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1976-இல் தொடங்கிய அத்திட்டத்துக்கு இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்திருக்கின்றன. வேண்டுமென்றே செய்யாத தவறைப் பத்து நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொதுவாகத் தண்டனை இல்லை. விபத்தும் குற்றச்செயலும் இதில் சேரா. அறிக்கைத் தாளில் பெயர் எழுதும் பகுதி தனித் துண்டாக இருக்கும். அதைக் கிழித்து, தேதி முத்திரையிட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.